அசையாப் பொருள்களின் சலனப்படம்: வீட்டில் செய்யத்தக்க ஒரு பயிற்சி

மேசையின்மீது வைத்த தீப்பெட்டி தானாக நகராது. ஆயினும் அது எழுந்து நடந்து, மேசையின் ஓரம்வரை சென்று, கீழே எட்டிப் பார்ப்பதாகத் திரையில் காட்டுதல் இயலும். இதற்கு மாய வித்தையோ, விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. தீப்பெட்டியை ஓரிடத்தில் வைத்து ஒரு நிழற்படம் எடுக்க வேண்டும். பின்னர் அதனைச் சிறிதளவு நகர்த்தி மற்றொரு படம் எடுக்க வேண்டும். இவ்வாறு எடுத்த படங்கள் பலவற்றை வரிசை மாறாமல் விரைவாகக் காட்டினால், தீப்பெட்டி தானே நடப்பதாகத் தோன்றும். 'ஸ்டாப் மோஷன்' என்று திரைப்படத் துறையினர் வழங்கும் முறை இதுவேயாகும்.

சாதாரணக் கைப்பேசியில் அமைந்துள்ள காமிராவே இப்பயிற்சிக்குப் போதுமானது. எனினும் முதன்முறை முயல்வோர் பலர் ஏமாற்றமடைவதுண்டு. தீப்பெட்டி நடப்பதற்குப் பதிலாகத் துடிக்கிறது. விளக்கின் ஒளி நடுங்குகிறது. அசையாதிருக்க வேண்டிய மேசை ஆடுகிறது. காமிரா மலிவானது என்பதால் இக்குறைகள் நேர்வதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. அசைவு எங்கே பிறக்கிறது என்பதை ஆராயாமல் தொடங்குவதே இக்குறைகளுக்குக் காரணம். அதனைத் தெளிவாக அறிந்தவர் எளிய காமிராவைக் கொண்டே நல்ல படம் எடுக்கலாம்.

அசைவு எங்கே இருக்கிறது?

திரையரங்கில் ஓடும் படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் காட்டப்படுகின்றன. அவற்றுள் எந்தப் படத்தைத் தனியே எடுத்து நோக்கினும் அதில் அசைவு இல்லை. 1832-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி ஜோசப் பிளாட்டோ, வட்டத் தகடு ஒன்றில் சிறிது சிறிதாக வேறுபடும் ஓவியங்களை வரைந்து, அதனைச் சுழற்றிப் பிளவுகளின் வழியே நோக்கும்போது உருவங்கள் அசைவதாகத் தோன்றுவதைக் காட்டினார். விழித்திரையில் ஒரு பிம்பம் மறையுமுன் அடுத்த பிம்பம் வந்து சேர்வதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. இவ்விளக்கம் போதாது என்பது இன்று அறியப்பட்டுள்ளது. பிம்பங்கள் விழியில் தங்கி ஒன்றோடொன்று கலப்பது மட்டுமே காரணமாயின், நமக்குத் தெளிவான அசைவு தோன்றாது. பல உருவங்கள் ஒன்றன்மீது ஒன்று படிந்த குழப்பமே தோன்றும்.

1912-இல் ஜெர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்த்ஹைமர் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்விஷயத்தில் புதிய வழியைத் திறந்தது. அடுத்தடுத்த இரு இடங்களில் தக்க கால இடைவெளியில் இரு கோடுகள் மாறிமாறித் தோன்றுமாயின், ஒரே கோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதாகவே பார்ப்பவர் உணர்கிறார். இடையிலுள்ள பயணம் அவர் கண்ணுக்குக் காட்டப்படவில்லை; அதனை மூளையே கற்பித்துக்கொள்கிறது.

ஆகவே அசைவு படங்களில் இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. வேறுபாடுகள் ஒரே அளவாக இருப்பின் பொருள் சீரான வேகத்தில் செல்வதாகத் தோன்றும். அவை படிப்படியாக மிகுமாயின் வேகம் கூடுவதாகத் தோன்றும். வேறுபாடே இல்லையெனில் பொருள் நின்றுவிடும். இதன் மறுபக்கத்தையும் கருத வேண்டும். எடுப்பவர் விரும்பிச் செய்த மாற்றம் இது, அறியாமல் நேர்ந்த மாற்றம் இது என்று பிரித்தறியும் ஆற்றல் காமிராவுக்கு இல்லை. முழங்கை பட்டு மேசை ஒரு நூலளவு நகர்ந்தால் அதுவும் திரையில் அசைவாகவே வெளிப்படும்.

இதிலிருந்து இரு விதிகள் பெறப்படுகின்றன. நகர வேண்டிய பொருள் அளவோடு நகர வேண்டும். நகரக்கூடாத எதுவும் எள்ளளவும் நகரலாகாது. இக்கலையின் செயல்முறைகள் யாவும் இவ்விரு விதிகளுள் அடங்கும்.

முன்னோடிகள் இருவர்

இம்முறையின் வரலாற்றில் விஞ்ஞான நோக்கமும் கலை நோக்கமும் தொடக்கத்திலேயே கலந்து நின்றன. அக்காலத்தில் ரஷ்யப் பேரரசிலிருந்த லிதுவேனியாவில், கௌனஸ் நகரப் பொருட்காட்சி சாலையில் பணியாற்றிய லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் என்பவர், கலைமான் கொம்பு போன்ற பெரிய தாடைகளையுடைய வண்டுகள் சண்டையிடுவதை 1910-ஆம் ஆண்டளவில் படமெடுக்க முயன்றார். இவ்வண்டுகள் இரவில் இயங்குபவை. விளக்கை ஏற்றியதும் அவை செயலற்றுப் போயின. எனவே ஸ்டாரெவிச் இறந்த வண்டுகளின் கால்களை நீக்கி, கம்பியும் மெழுகும் கொண்டு மீண்டும் பொருத்தி, ஒவ்வொரு சட்டத்துக்கும் சிறிது சிறிதாக அவற்றை அசைத்துப் படம் எடுத்தார். பின்னர் அவர் வண்டுகளையே பாத்திரங்களாகக் கொண்டு கதைப் படங்களும் எடுத்தார். அவற்றைக் கண்டவர்களுள் சிலர், பழக்கப்பட்ட உயிருள்ள பூச்சிகளே நடித்ததாக நம்பினர் என்று கூறுவர்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி ஒன்று பெரும் விளைவை உண்டாக்கியது. 'ராஜா ஹரிச்சந்திரா' 1913-இல் வெளிவருவதற்கு முன், தாதாசாகேப் பால்கே திரைப்படத் தொழிலுக்குப் பொருளுதவி நாடினார். படம் எடுக்கும் திறமை தமக்கு உண்டு என்பதைச் செல்வர்களுக்கு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு தொட்டியில் பட்டாணி விதைகளை ஊன்றி, அதன் எதிரே காமிராவை நிறுத்தி, விதை முளைத்துக் கொடியாவதை ஒரு மாதத்துக்கு மேலாகச் சட்டம் சட்டமாகப் பதிவு செய்தார். ஏறக்குறைய ஒரு நிமிடமே ஓடிய அப்படம் அவர் நாடிய பொருளுதவியைப் பெற்றுத் தந்தது. பின்னர் அவர் தீக்குச்சிகளை அசையச் செய்தும் ஒரு குறும்படம் எடுத்தார். பட்டாணிப் படத்தில் இயற்கையே விதையை அசைத்தது. தீக்குச்சிப் படத்தில் மனிதன் கை அசைத்தது. இரண்டிலும் காமிராவின் வேலை ஒன்றே.

காமிராவும் அதன் இருக்கையும்

தொடக்கநிலையில் உள்ளவர்கள் காமிராவை மேலிருந்து கீழ்நோக்கி வைத்து, தட்டையான பொருள்களைப் படமெடுப்பது நலம். காகிதத்தில் வெட்டிய உருவங்கள், பொத்தான்கள், நாணயங்கள், பயறு வகைகள் ஆகியவை தாளின்மீது படுத்திருப்பதால் கவிழ்ந்து விழும் அச்சமில்லை. மேசையின்மீது ஒரு சிறிய முக்காலியை நிறுத்தி, அதன் பலகையிலுள்ள இடைவெளி வழியே காமிராவின் கண் கீழே நோக்குமாறு கைப்பேசியைப் படுக்க வைக்கலாம். முக்காலியில் இடைவெளி இல்லையெனில், இரண்டு புத்தக அடுக்குகளின்மேல் ஒரு மரச்சட்டத்தைப் பாலம்போல் வைத்து, கைப்பேசியின் ஒரு முனை வெளியே நீண்டிருக்குமாறு அதில் கட்டிவிடலாம். முக்காலியின் கால்களையும், படமெடுக்கும் தாளின் நான்கு மூலைகளையும் ஒட்டு நாடாவால் மேசையோடு சேர்த்து ஒட்டிவிட வேண்டும். மேசை ஆடாமலிருக்க அதன் கால்களுக்கு அடியில் அட்டைத் துண்டு செருகுவதும் அவசியம்.

படமெடுக்கும்போது காமிராவை விரலால் தொடுவதே அது நகர்வதற்கு முதற் காரணமாகிறது. பெரும்பாலான கைப்பேசிகளில், பொத்தானை அழுத்தி இரண்டு விநாடிகள் கழித்துப் படம் பதிவாகும் ஏற்பாடு உண்டு. அதனைப் பயன்படுத்தினால், விரல் பட்டதால் உண்டான அதிர்வு அடங்கிய பின்னரே படம் பதியும். கம்பியுள்ள காதொலிக் கருவியின் ஒலிப் பொத்தானை அழுத்திப் படமெடுக்கும் வசதியும் பல கைப்பேசிகளில் உள்ளது. தொடங்குமுன் கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்தல் வேண்டும். அழைப்பு வந்து கருவி அதிருமாயின் அதுவரை செய்த வேலை கெடும். மின்கலம் நடுவில் தீர்ந்து காமிராவை எடுக்க நேராதவாறு, மின்னேற்றும் கம்பியை முதலிலேயே செருகி வைத்தலும் நன்று.

நம் வீடுகளில் மறக்கத்தகாத மற்றொன்று மின்விசிறி. ஒவ்வொரு படத்துக்கும் இடையே காகித உருவத்தின் ஓரம் காற்றில் உயர்ந்து தாழுமாயின், திரையில் அது ஓயாமல் நடுங்கிக்கொண்டேயிருக்கும். வேலை முடியும்வரை விசிறியை நிறுத்தி வைப்பதன்றி வேறு வழியில்லை.

ஒளியை நிலைநிறுத்தல்

ஜன்னல் வழியே வரும் பகலொளி கண்ணுக்கு நிலையானதாகத் தோன்றினும், உண்மையில் மாறிக்கொண்டேயிருப்பது. மேகம் ஒன்று கடந்து செல்லும் நேரத்தில் நாலைந்து படங்கள் எடுக்கப்படும். அவை திரையில் அரை விநாடிக்கும் குறைவாகவே தோன்றி, ஒளி 'பளிச்சென்று' மங்கி மீள்வதாகக் காட்டும். பூமியின் சுழற்சியால் ஞாயிறு ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. ஆதலின் இரண்டு மணி நேர வேலையில் எல்லா நிழல்களும் இடம் மாறிவிடும். எனவே ஜன்னலைத் திரையிட்டு மூடி, இரவிலோ இருண்ட அறையிலோ மின்விளக்கில் வேலை செய்வதே சிறந்தது. பொருளின் இரு புறத்திலும் ஒவ்வொரு மேசை விளக்கு போதும்.

மின்விளக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டின் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுகள் கொண்ட மாறுமின்னோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் ஒளி இருமுறை ஏறி இறங்குவதால், பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண் இதனை உணர்வதில்லை; காமிரா உணரும். ஒளி புகும் நேரம் விநாடியில் 200-இல் ஒரு பங்காக இருந்தால், ஒரு படம் ஒளியின் ஏற்றத்திலும் அடுத்தது இறக்கத்திலும் பதிவாகலாம். அந்நேரத்தை 50-இல் ஒரு பங்காகவோ 25-இல் ஒரு பங்காகவோ அமைத்தால், ஒவ்வொரு படத்திலும் முழு ஏற்ற இறக்கங்களே அடங்கி, ஒளி சமமாகும். பொருள் அசையாமல் இருப்பதால் நீண்ட நேரம் ஒளி புகுவதில் தீங்கில்லை.

கைப்பேசிக் காமிரா ஒவ்வொரு படத்துக்கும் ஒளியளவு, குவியத் தூரம், நிறச் சமன் ஆகிய மூன்றையும் தானே புதிதாகத் தீர்மானிக்கும் இயல்புடையது. சிவப்பு நிறக் காகிதப் பறவை ஒன்று சட்டத்துக்குள் நுழைந்தால், காமிரா தன் நிறச் சமனை மாற்றிக்கொள்ளும். பின்னணித் தாள் நீலம் பாய்ந்து காணப்படும். ஆகவே கையால் அமைக்கும் முறையைத் தேர்ந்து, இம்மூன்றையும் முதற் படத்தில் அமைத்தவாறே பூட்டி வைக்க வேண்டும். படமெடுப்பவரின் வெண்ணிற ஆடையும் ஒளியைத் திருப்பி அனுப்பும். அடர்ந்த நிற ஆடை அணிந்து, ஒவ்வொரு படத்தின்போதும் ஒரே இடத்தில் நிற்பது தேர்ந்தவர்களின் வழக்கம்.

எத்தனை படங்கள்?

வீட்டுப் பயிற்சிக்கு விநாடிக்கு 12 படங்கள் போதும். அக்கணக்கில் 10 விநாடி ஓடும் காட்சிக்கு 120 படங்களும், ஒரு நிமிடப் படத்துக்கு 720 படங்களும் தேவை. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் செலவாகுமெனக் கொண்டால், 10 விநாடிக் காட்சிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். முதல் முயற்சியை 10 விநாடிக்கு மேற்படாமல் அமைத்துக்கொள்வது அறிவுடைமை. நீண்ட கதையை எழுதிக்கொண்டு தொடங்குவோர் நடுவிலேயே சலிப்புற்றுக் கைவிடுவது இயல்பு.

முதற் பயிற்சி: தீப்பெட்டியின் ஓட்டம்

தீப்பெட்டி செல்லும் பாதைக்கு அருகில், காமிராவின் பார்வைக்குச் சற்று வெளியே, மில்லிமீட்டர் குறித்த காகிதப் பட்டை ஒன்றை ஒட்டி வைக்க வேண்டும். தீப்பெட்டியை ஒவ்வொரு படத்துக்கும் 1 சென்டிமீட்டர் வீதம் நகர்த்தினால் 24 சென்டிமீட்டரை 2 விநாடியில் கடக்கும். இப்படத்தை ஓட்டிப் பார்த்தால் அசைவு சீராக இருக்கும். ஆனால் உயிர்ப்பு இராது. தீப்பெட்டி திடீரெனப் பாய்ந்து புறப்பட்டு, திடீரென நிற்கும். காரணம் வெளிப்படை. உலகில் எடையுள்ள எப்பொருளும் ஓய்விலிருந்து ஒரே கணத்தில் முழு வேகம் பெறுவதில்லை.

இப்பொழுது முதல் மூன்று நகர்வுகளை 0.25, 0.5, 0.75 சென்டிமீட்டராகவும், இறுதி மூன்று நகர்வுகளை 0.75, 0.5, 0.25 சென்டிமீட்டராகவும் வைத்து, இடையிலுள்ள 21 நகர்வுகளை மட்டும் 1 சென்டிமீட்டராக அமைக்க வேண்டும். மொத்தத் தூரம் அதே 24 சென்டிமீட்டர். காலம் இரண்டேகால் விநாடி. தீப்பெட்டிக்கு எடை வந்துவிட்டது போன்ற உணர்வு பார்ப்பவருக்கு உண்டாகும். பொருளும் ஒளியும் காமிராவும் முன்பு இருந்தவையே. இடைவெளிகள் மட்டுமே மாறின.

அளக்கும்போது ஒவ்வொரு நகர்வையும் முந்தைய நிலையிலிருந்து அளக்கலாகாது. ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் பிழை ஒரே திசையில் நேர்ந்தால், 24 நகர்வுகளில் அது 12 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். புறப்பட்ட இடத்திலிருந்தே எல்லா நிலைகளையும் முன்கூட்டிக் குறித்து வைத்தால், ஒரு நிலையில் நேர்ந்த பிழை அடுத்த நிலையைத் தொடராது. சோதனைச் சாலையில் அளவெடுப்போர் கையாளும் இவ்வழக்கம் இங்கும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டாம் பயிற்சி: விழும் பந்து

விழும் பொருள் சம கால இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் அமையும் என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் நிறுவியுள்ளார். இவ்விதியைத் தாளின்மீது நேராகப் பயன்படுத்தலாம்.

ஓய்விலிருந்து விழும் பந்து அரை விநாடியில் ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் விழும். இதனைக் கால் அளவாகக் குறைத்தால் தாளில் 30.6 சென்டிமீட்டர் ஆகும். விநாடிக்கு 12 படம் எனில் அரை விநாடிக்கு 6 நகர்வுகள். உச்சியிலிருந்து பந்தின் நிலைகள் பின்வருமாறு அமையும்:

முதல் நகர்வின் இறுதியில் 0.9 சென்டிமீட்டர்
இரண்டாம் நகர்வின் இறுதியில் 3.4 சென்டிமீட்டர்
மூன்றாம் நகர்வின் இறுதியில் 7.7 சென்டிமீட்டர்
நான்காம் நகர்வின் இறுதியில் 13.6 சென்டிமீட்டர்
ஐந்தாம் நகர்வின் இறுதியில் 21.3 சென்டிமீட்டர்
ஆறாம் நகர்வின் இறுதியில் 30.6 சென்டிமீட்டர்

காகிதத்தில் வட்டமாக வெட்டிய பந்தை இந்நிலைகளில் வரிசையாக வைத்துப் படமெடுக்க வேண்டும். பந்து தரையைத் தொட்டபின் எழும்ப வேண்டுமாயின், இதே இடைவெளிகளைத் தலைகீழாகக் கொள்ளலாம். ஆனால் முழு உயரத்துக்கு எழலாகாது. ஆறு நகர்வுகளுக்குப் பதில் நான்கு நகர்வுகளில் உச்சியை அடையுமாறு செய்தால் அது 13.6 சென்டிமீட்டர் எழும்; மீண்டும் நான்கு நகர்வுகளில் விழும்; பின்னர் இரண்டு நகர்வுகளில் 3.4 சென்டிமீட்டர் எழுந்து அடங்கும். தரையைத் தொடும் படத்தில் மட்டும், அகலம் சற்று மிகுந்தும் உயரம் சற்றுக் குறைந்தும் உள்ள வேறொரு பந்தை வெட்டி வைத்தால், பந்து ரப்பரால் ஆனது என்னும் எண்ணம் பார்ப்பவருக்குத் தோன்றும். அதனை வைக்காவிடில் அதே பந்து கல்லாலானதெனத் தோன்றும்.

மூன்றாம் பயிற்சி: ஊசல்

25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை சென்று திரும்ப ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். எனவே ஒரு முழு ஊசலாட்டத்துக்கு 12 படங்கள் வேண்டும். ஊசல் இரு முனைகளிலும் தயங்கி, நடுவில் விரைந்து செல்வது. இவ்வேறுபாட்டை அளக்கக் கணிதம் மிகுதியாகத் தேவையில்லை. ஊசலின் இரு முனைகளையும் இணைக்கும் 20 சென்டிமீட்டர் கோட்டின்மீது ஓர் அரைவட்டம் வரைந்து, கோணமானியால் 30 பாகை வீதம் ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோட்டுக்குச் செங்குத்தாக இறக்கினால் ஏழு இடங்கள் கிடைக்கும். நடுவிலிருந்து இருபுறமும் அவை 5, 8.7, 10 சென்டிமீட்டர் தூரத்தில் அமைவதைக் காணலாம். குண்டு கிடைமட்டத்தில் இவ்விடங்களுக்கு நேராக வருமாறு நூலைத் திருப்பி வைத்துப் படமெடுக்க வேண்டும். ஒருமுறை வரைந்த இக்குறிகள் எத்தனை ஊசலாட்டத்துக்கும் பயன்படும். தாலாட்டும் தொட்டில், அசையும் மரக்கிளை, தலையாட்டும் பொம்மை ஆகியவற்றுக்கும் இதே இடைவெளிகள் பொருந்தும்.

களிமண் பொம்மை

தட்டையான பொருள்களில் கை தேர்ந்தபின் நிற்கும் பொம்மைகளுக்குச் செல்லலாம். உலராத எண்ணெய்க் களிமண் இதற்கு ஏற்றது. நீரிற் பிசைந்த களிமண் வேலை நடக்கும்போதே உலர்ந்து வெடிக்கும். பொம்மைக்குள் எளிதில் வளையும் அலுமினியக் கம்பியை இரண்டாக முறுக்கி எலும்புக்கூடாக வைக்க வேண்டும். கம்பியில்லாத கை வளைத்த இடத்தில் நில்லாது. கால்களை மெத்தென்ற பலகையில் ஊசியால் குத்தி நிறுத்தலாம். கோடைக் காலத்திலும் விளக்கின் வெம்மையிலும் களிமண் இளகும். ஆதலால் விளக்கைச் சற்று விலக்கி வைப்பது நல்லது.

பொம்மையின் தலை எவ்வளவு திரும்பியது என்பதை வெறுங்கண்ணால் மதிப்பிட இயலாது. பழைய திரைப்படக் கலைஞர்கள் இதற்கெனக் கூர்முனையுள்ள அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தினர். வீட்டில் ஒரு களிமண் உருண்டையில் பென்சிலைச் செருகினால் அதே பயன் கிட்டும். பென்சிலின் முனை பொம்மையின் மூக்கைத் தொட்டும் தொடாமலும் நிற்குமாறு வைத்து, பின்னர் தலையைத் திருப்பினால், முனைக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளியே நகர்வின் அளவாகும். அளந்தபின் பென்சிலை அகற்றிவிட்டுப் படமெடுக்க வேண்டும். இன்று கிடைக்கும் ஸ்டாப் மோஷன் செயலிகள் பலவற்றில், முந்தைய படம் மங்கலாக இப்போதைய காட்சியின்மீது படிந்து தோன்றும் வசதியுண்டு. அது பென்சில் முனையின் வேலையைத் திரையிலேயே செய்கிறது.

பிழை நேர்ந்தால் செய்ய வேண்டுவன

எண்பதாவது படத்தில் கை தட்டி முக்காலி நகர்ந்துவிட்டால் அதுவரை செய்த வேலை வீணாகிவிடுமோ என்னும் அச்சம் எழுவது இயல்பு. அப்பொழுது உத்தேசமாகச் சரிசெய்துகொண்டு மேலே தொடர்வதே மிகப் பெரிய தவறு. முந்தைய படத்தை மங்கலாகப் படியச் செய்து, மேசையின் விளிம்பும் பின்னணியும் கோட்டுக்குக் கோடு பொருந்தும்வரை காமிராவைத் திருத்தி வைக்க முயலலாம். பொருந்தவில்லையெனில், காமிராவைத் துணிந்து வேறு கோணத்துக்கு மாற்றி, அங்கிருந்து புதிய காட்சியாகத் தொடங்கலாம். சிறிய தாவலைக் குறையென உடனே உணரும் கண், பெரிய மாற்றத்தைக் காட்சி மாற்றமென ஏற்றுக்கொள்ளும்.

திரையில் காணும் குறையிலிருந்து அதன் காரணத்தையும் அறியலாம். பொருளும் பின்னணியும் சேர்ந்து தாவினால் காமிரா நகர்ந்தது. பின்னணி நிலையாக இருக்கப் பொருள் மட்டும் துடித்தால் இடைவெளிகள் அளக்கப்படவில்லை. இரண்டும் நிலையாக இருக்க ஒளி மட்டும் நடுங்கினால் விளக்கிலோ, காமிராவின் தானியங்கு அமைப்பிலோ குறை உள்ளது. ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை மட்டும் மாற்றி மீண்டும் பத்துப் படங்கள் எடுத்துப் பார்த்தால் குறை எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும். மூன்றையும் ஒருங்கே மாற்றுபவர் படத்தைச் சீர்செய்யக்கூடும். ஆனால் குறையின் காரணத்தை அறியமாட்டார்.

படங்களைத் தொகுத்தல்

எடுத்த படங்களை எண் வரிசையில் அடுக்கி, விநாடிக்கு 12 வீதம் ஓடுமாறு தொகுக்க வேண்டும். இதற்கான செயலிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கணிப்பொறி உள்ளவர்கள் விலையின்றிக் கிடைக்கும் 'பிளெண்டர்' போன்ற மென்பொருள்களிலும் படவரிசையைச் சலனப்படமாக மாற்றலாம். வேலை முடியும்வரை காத்திராமல், இருபது படங்களுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது பிழையை விரைவில் காட்டிக் கொடுக்கும்.

இயற்கையின் அசைவு

பால்கேயின் பட்டாணிப் பரிசோதனையை எவரும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஈரப் பஞ்சின்மீது வைத்த பாசிப்பயறு முளைப்பதை மூன்று நாள் படமெடுத்து, 12 விநாடியில் காட்ட விரும்பினால், வேண்டிய படங்கள் 144. மூன்று நாளுக்கு 72 மணி நேரம். ஆகவே அரை மணிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். இரவிலும் தவறாமல் எடுக்கக் கைப்பேசியின் நேர இடைவெளி அமைப்பு உதவும். ஜன்னல் ஒளி படாத மூலையில், ஒரே விளக்கைச் செங்குத்தாக மேலே தொங்கவிட வேண்டும். விளக்கு பக்கவாட்டில் இருந்தால் முளை அதனை நோக்கி வளையும். அவ்வளைவையே காண விரும்புவோர் விளக்கை வேண்டுமென்றே ஒருபுறம் வைத்து இரண்டாவது படம் எடுத்து, முதற் படத்தோடு ஒப்பிடலாம். கண் ஒருபோதும் காண முடியாத மெதுவான அசைவு, இடைவெளியை மாற்றியதனால் கண்ணுக்குப் புலனாகிறது.

ஒரு சிறு சோதனை

இக்கட்டுரையில் கூறிய கருத்தை வாசகர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். விழும் பந்தை இருமுறை படமெடுக்க வேண்டும். முதற் படத்தில் 30.6 சென்டிமீட்டரை ஆறு சம பகுதிகளாக்கி, ஒவ்வொரு நகர்வும் 5.1 சென்டிமீட்டராக அமையட்டும். இரண்டாம் படத்தில் மேலே தந்த அளவுகளைப் பின்பற்ற வேண்டும். இரண்டிலும் படங்களின் எண்ணிக்கை ஒன்று; தூரம் ஒன்று; காலம் ஒன்று. பின்னர் எது எவ்வாறு எடுக்கப்பட்டது என்று சொல்லாமல், இவ்விஷயம் எதுவும் அறியாத ஒருவருக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி, எந்தப் பந்து விழுகிறது, எந்தப் பந்து கையால் இறக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

கலிலியோவின் விதியைப் பள்ளியில் படியாதவரும், தம் வாழ்நாள் முழுவதும் பொருள்கள் விழுவதைக் கண்டு பழகியவர். மாங்காய் விழுவதையும், கைதவறிய பாத்திரம் விழுவதையும் கண்டு பழகிய அக்கண் அவ்விதியை எண்களாக அறியாவிடினும், அது மீறப்பட்டால் உணரும். அளவுகோலும் பென்சிலும் கொண்டு உழைப்பவர் அந்தக் கண்ணுக்கே விடையளிக்க வேண்டியவராகிறார். பத்துப் பேரிடம் காட்டி, அவர்கள் கூறும் விடைகளை ஒரு தாளில் குறித்து வைத்தால், வீட்டு மேசையின்மீது நடந்த பொழுதுபோக்கு ஒரு முறையான பரிசோதனையாகவும் அமையும்.